டிரைவரோடு ஊர் சுற்றியவள்

எங்கள் சலவைக் கடைக்குள் குளிர்காலம் கவுண்டர் வழியாகத்தான் நுழையும். வருடம் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்த கோட்டுகளையும் கம்பளிகளையும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவார்கள். "சீக்கிரம் வேணும், ஊருக்குப் போறோம்" என்பார்கள். எந்த ஊர் என்று நாம் கேட்கவே வேண்டாம். அதைச் சொல்லாவிட்டால் அவர்களுக்குப் பயணம் போவதே வீண். நான் காதில் விழாத மாதிரி நம்பர் துணியைக் காலரில் குத்திக்கொண்டிருப்பேன். ஊருக்குப் போகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைதான்.

ஆனால் ஜன்னல் அக்காவின் பொறாமையைப் பார்த்தவர்கள் என்னுடையதைப் பொறாமைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

ஜன்னல் அக்கா அதே கவுண்டரில் என் பக்கத்தில் நிற்பவள். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பாள். அதனால் நான் வைத்த பெயர். கடையிலிருந்து அவள் வீட்டுக்குப் போகும் வழியில் பார்ப்பதற்கு ஒரு மருந்துக்கடையும் ஒரு பெட்ரோல் பங்க்கும் யாரோ பாதியில் விட்டுப்போன ஒரு மாடிவீடும்தான் உண்டு. அதையே தினமும் புதிதாகப் பார்ப்பது போலக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். லீவு நாளில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போவாள். அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். மறுநாள் கடையில் வந்து, "நேத்து வெளியூர் போயிருந்தேன்" என்பாள். சிரிக்கவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் மார்க் போடுவாள். காபிக் கறைக்கு மூன்று. மைக் கறைக்கு ஏழு. வெளுக்கவே வெளுக்காது என்று தெரிந்தால் ஒன்பது. கறையோடு நிறுத்தினால் பரவாயில்லை. எதிர்க்கடை டீக்கு நான்கு, முதலாளியம்மாவின் சிரிப்புக்கு இரண்டு, என் புதுச் செருப்புக்கு ஐந்து. பத்துக்குப் பத்து வாங்கியவர் யாரும் கிடையாது. "பத்து போடுற மாதிரி நான் எதைப் பாத்தேன்?" என்பாள்.

எங்கள் வேலையிலேயே ஒரு வம்பு இருக்கிறது. துணியை உள்ளே அனுப்புவதற்கு முன்னால் பைகளைத் துழாவிப் பார்க்க வேண்டும். பேனா இருந்தால் மொத்தச் சலவையும் போச்சு. மற்றவர்கள் ஊர் சுற்றியதெல்லாம் அந்தப் பைகளுக்குள் கிடக்கும். ரோப் கார் சீட்டு, ஓட்டல் பேர் போட்ட சர்க்கரைப் பொட்டலம், கூழாங்கல், காய்ந்த இலை. ஒரு தடவை ஒரு சின்னப் பையனின் கோட் பை நிறையக் கடற்கரை மணல். எல்லாவற்றையும் சின்னக் கவரில் போட்டுக் கோட்டோடு திருப்பிக் கொடுப்பதுதான் முறை. அக்கா கொடுத்துவிடுவாள், ஆனால் உடனே கொடுக்க மாட்டாள். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாள். கல்லைக் கையில் உருட்டிப் பார்ப்பாள். மணலை மட்டும் முகர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பொடியன் கடலைப் பாத்திருக்கான். வயசு என்ன இருக்கும்? எனக்கு மூட்டு வலி வந்தாச்சு."

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அக்காவின் வீட்டுக்காரர் சுற்றுலா பஸ் டிரைவர். மலைக்குப் போகும் பஸ். பனி விழுந்து பாதையை மூடும் வரைக்கும் வாரம் தவறாமல் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய் அருவி, ஏரி, மேகம் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வருகிறவர். அக்காவை ஒரு தடவைகூட அழைத்துப் போனதில்லை. கேட்டால் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது என்பார். மலைப்பாதையில் ஓட்டுகிறவன் வீட்டு ஆளை ஏற்றக் கூடாதாம். ஏற்றினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகுமாம். வளைவுகளில் அது ஆபத்தாம்.

"ஊரான் வீட்டுப் பொண்டாட்டிய ஏத்தினா மட்டும் கால் சொன்ன பேச்சு கேக்குமா?" என்று நான் கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேட்டேன்" என்றாள் அக்கா. "தூங்கிட்டாரு."

வீட்டில் அவர் பெரும்பாலும் தூங்குவார். விழித்திருந்தால் பேச மாட்டார். மலை எப்படி இருந்தது என்று கேட்டால், "மலையாத்தான் இருந்துச்சு" என்பார். மாமா வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் இஸ்திரிப் பெட்டி ஆறிவிடும்.

இப்படியிருக்கும்போதுதான் அந்தப் பச்சைக் கோட்டு அம்மா வந்தாள்.

கோட்டின் முன்பக்கம் முழுக்க டீக் கறை. அக்கா அதைக் கவுண்டரில் விரித்து, விரலால் தேய்த்துப் பார்த்து, "பால் சேர்ந்த டீ. அஞ்சு மார்க்" என்று முணுமுணுத்தாள். எப்படிக் கொட்டியது என்று கேட்டாள். எதனால் வந்த கறை, எவ்வளவு நாளாயிற்று என்று கேட்பது எங்கள் வேலை. வந்தவளுக்கு வாயெல்லாம் பல்.

"மலை டூர் போயிருந்தோம்மா. அந்த டிரைவர் இருக்காரே, சிரிக்க வச்சே கொன்னுட்டாரு. டீ குடிச்சிட்டு இருக்கும்போது ஒண்ணு சொன்னாரு பாருங்க, அப்படியே மேல கொட்டிக்கிட்டேன்."

"டிரைவரா?"

"காதுல மைக் மாட்டிக்கிட்டு வழி முழுக்கப் பேச்சு. பாதிக் கதை அவரு வீட்டம்மாவைப் பத்தித்தான். ஒரு இடம் பாக்கி இல்லாம ரெண்டு பேரும் ஜோடியாச் சுத்தியிருக்காங்க. அந்தம்மா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பாறை உச்சிக்கே ஏறிடுச்சாம். கொடுத்து வச்சவ."

நான் எதையும் யோசிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"எந்த பஸ்?" என்றாள்.

அந்த அம்மா கம்பெனி பெயரைச் சொன்னாள். அந்தக் கம்பெனியில் மலைக்குப் போக ஒரே ஒரு பஸ்தான் உண்டு. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"டிரைவர் என்ன போட்டிருந்தாரு?"

"அரக்குக் கலர் ஸ்வெட்டர். முழங்கையில வேற கலர் நூல்ல தச்சிருந்துச்சு. ஏம்மா, தெரிஞ்சவரா?"

அந்த முழங்கையைத் தைத்தது அக்காதான். கடையில் அரக்கு நூல் தீர்ந்துபோய், நீல நூலில் தைத்தாள். நானே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

"தெரியாது" என்றாள் அக்கா. நம்பர் துணியைக் காலரில் குத்தப் போய் விரலில் குத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கோட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் போய்ப் பார்த்தேன். அழுகையெல்லாம் இல்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எவளையோ கூட்டிட்டுச் சுத்திட்டு, பொண்டாட்டின்னு சொல்லிட்டுத் திரியிறாரு" என்றாள். "எனக்குப் பிரேக்கு. அவளுக்குப் பாறை உச்சி."

"அவசரப்படாதீங்க அக்கா. நேரா கேட்டுருங்க."

"கேட்டா? பூசி மெழுகுவாரு. இல்ல, தூங்குவாரு. நான் கண்ணால பாக்கணும். அவ எந்த சீட்ல உக்காந்து வர்றான்னு பாக்கணும்."

அவள் அந்தப் பெண்ணைப் பற்றி ஒவ்வொன்றாக யோசித்துச் சேர்த்துக்கொண்டே போனாள். பாறை ஏறுகிறவள் என்றால் ஒல்லியாக இருப்பாள். மூட்டு வலி இருக்காது. செருப்பைக் கையில் எடுப்பவள் என்றால் தைரியசாலி. மாமாவைப் பேச வைக்கிறவள் என்றால்... அந்த இடத்தில் மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவர் வேறொருத்தியோடு போனதைவிட, அவளோடு பேசியதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

டிக்கெட்டை நான்தான் எடுத்தேன், என் பேரில். பாதையை மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் போகிற டிரிப்புகளில் ஒன்று. முதலாளியம்மாவிடம் எனக்குப் பல்வலி என்றேன். துணைக்கு அக்கா வருகிறாள் என்றேன். இரண்டு மார்க் சிரிப்பு ஒன்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

வேஷத்துக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. கடையின் பின்பக்கம், கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கோட்டுகள் ஒரு வரிசை தொங்கும். போன குளிர்காலத்துடையது, அதற்கு முந்தினது. செய்யக் கூடாதுதான், செய்தோம். அக்கா தலையை மூடும் தொப்பி வைத்த நீளமான சாம்பல் கோட்டை எடுத்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்த சிவப்புக் கோட்டில் கைகள் பாதிதான் போயின. மூக்கு வரைக்கும் மப்ளரைச் சுற்றிக்கொண்டோம். அந்தக் குளிரில் ஊரே அப்படித்தான் திரிந்தது.

கம்பெனி வாசலில் ஏறினால் மாட்டிக்கொள்வோம் என்று, அடுத்த நிறுத்தத்தில் ஏறினோம். மாமா தலையைத் திருப்பவே இல்லை. டிரைவர்களுக்கு ஏறுகிற முகம் முக்கியமில்லை போலிருக்கிறது, கதவு மூடுகிறதா என்பதுதான் முக்கியம். அக்கா ஏறியதும் முதலில் பார்த்தது டிரைவருக்குப் பக்கத்து ஒற்றைச் சீட்டை. அதில் யாரும் இல்லை. அவள் காலையில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா மட்டும் பையோடு உட்கார்ந்திருந்தது.

"வழியில ஏறுவா" என்று என் காதில் சொன்னாள்.

பின் வரிசையில் உட்கார்ந்தோம். ஜன்னலோரம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு அந்தப் பக்கம், நடைபாதையைத் தாண்டி, மடியில் பிஸ்கட் டின் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா. ஏறியதிலிருந்து இறங்கும் வரை அவள் வாய் நின்று நான் பார்க்கவில்லை. அக்காவின் கழுத்தை எட்டிப் பார்த்து, "நம்பர் துணியே இன்னும் எடுக்கல போலிருக்கே, புதுக் கோட்டா?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் கடையிலேயே பிழைப்பவர்கள், அதை எடுக்க மறந்திருந்தோம். "ஆமாங்க, புதுசு" என்று அக்கா பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பஸ் ஒவ்வொரு இடத்தில் நின்றபோதும் அக்கா கண்கொத்திப் பாம்பு மாதிரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புதுமண ஜோடி ஏறியது. ஒரு குடும்பம் ஏறியது. தனியாக ஒருத்தியும் ஏறவில்லை. ஊர் முடிந்து மலையடிவாரம் வந்ததும் மைக் கரகரத்தது.

"எல்லாரும் வசதியா உக்காந்தாச்சா? வாந்தி வர்றவங்க முன்கூட்டியே சொல்லிருங்க. வந்த பிறகு சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பஸ் சிரித்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமா குரல்தான். ஆனால் அந்தக் குரலில் இப்படி ஒரு மனுஷன் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. நேர் ரோடு வந்தால் பேச்சு, வளைவு வந்தால் மௌனம், வளைவு முடிந்தால் விட்ட இடத்திலிருந்து பேச்சு. முதல் வளைவு தாண்டியதுமே வந்தாள் அந்த வீட்டுக்காரி.

"இந்த இடத்துலதான் என் வீட்டுக்காரி பஸ்ஸை நிறுத்தச் சொன்னா. எதுக்குன்னேன். மேகம் கீழ இருக்கு, நாம மேல இருக்கோம், இறங்கிப் பாக்கணும்னா. ஏம்மா, நாப்பது பேரு உக்காந்திருக்காங்கன்னேன். அவங்களும் பாக்கட்டும்னா."

பிஸ்கட் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்காவின் கை என் கோட்டுக் கையைப் பிடித்தது. தையல் பிரிகிற சத்தம் கேட்டது.

அருவியில் நிறுத்தினார். எல்லோரும் இறங்கி நின்றோம். அவர் பஸ்ஸின் படியில் நின்றபடியே மைக்கில் சொன்னார். "நல்லாப் பாத்துக்குங்க. இதுக்கு என் வீட்டுக்காரி நாலு மார்க்தான் போட்டா. தண்ணி நல்லாத்தான் இருக்கு, சத்தம்தான் ஜாஸ்தின்னுட்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா."

அக்கா அருவியைப் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, மார்க் போட்டாங்களாம். உலகத்துல வேற எவ போடுவா? அது நீங்கதான். வேற யாரும் இல்ல. மாமா உங்களைத்தான் சொல்லிட்டிருக்காரு."

நான் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் முகம் தெளியும் என்று பார்த்தேன். அது இன்னும் இருண்டது.

"நான் எப்படி ஆவேன்?" என்றாள். "நான் இந்த அருவிய இப்பத்தான் பாக்குறேன். அவ எப்பவோ பாத்துட்டா."

"சும்மா கற்பனை பண்ணிச் சொல்றாருக்கா."

"அதுதான் சொல்றேன். என் வாயி, என் மார்க், என் திமிரு. எல்லாத்தையும் எடுத்து அவளுக்குக் குடுத்துட்டாரு. அவ ஜாலியாச் சுத்துறா. எனக்கு டப்பா கட்டுற வேலை." கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். "நாலு மார்க்காம். இதுக்கு யாராவது நாலு போடுவாங்களா? கண் இருக்கா அவளுக்கு?"

ஒரு பெண் இன்னொரு பெண் மேல் பொறாமைப்பட்டுப் பார்த்திருக்கிறேன். அக்கா தங்கச்சி, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி, எல்லா விதமும் பார்த்தாயிற்று. தன் மேலேயே பொறாமைப்பட்டு ஒருத்தி பல்லைக் கடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சொல்லப் போனால் அவள் பக்கம் நியாயம் இருந்தது. வேறொருத்தி இருந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். இவளை எங்கே போய்ப் பிடிப்பது?

மேலே போகப் போக பஸ் முழுக்க அந்த வீட்டுக்காரியின் பக்கம் சேர்ந்துவிட்டது. பைன் மரங்களுக்கு யாரோ ஏழு மார்க் போட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் டிரைவரின் பிரேக்குக்கு எட்டு என்று கத்தினார். ஏரியைத் தாண்டும்போது, "ஏரிக் கதை இறங்கும்போது சொல்றேன், அது பெருசு" என்றார் மாமா. பிஸ்கட் அம்மா நடைபாதையைத் தாண்டிக் குனிந்து, "அந்தப் பொண்ணு இன்னைக்கும் வந்திருக்கலாம்" என்று எங்களிடமே குறைப்பட்டுக்கொண்டாள். அக்கா அவள் நீட்டிய பிஸ்கட்டை வேண்டாம் என்றாள்.

உச்சியில் பார்வை முனை. அங்கே அந்தப் பாறை. கொஞ்சம் தள்ளி, ஒரு மாடி உயரத்துக்கு, சும்மா நின்றது. "அதுலதான் ஏறினா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு. மேல நின்னு பத்துக்குப் பத்துன்னா. வாழ்க்கையில அவ போட்ட ஒரே பத்து அதுதான்" என்று மாமா சொல்லிவிட்டு, டீ குடித்து வரும்படி எல்லோரையும் அனுப்பினார்.

டீக்கடையில் நான் கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பினால் அக்காவைக் காணோம்.

பாறையில் இருந்தாள். செருப்பு கையில் இல்லை, காலிலேயே இருந்தது. கோட்டு நீளமாக இருந்ததால் ஒவ்வொரு அடிக்கும் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் பாறையைப் பற்றி, முட்டியை வைத்து ஏறினாள். அவள் மூட்டு எனக்குத் தெரியும். கத்திக் கூப்பிட்டால் தடுமாறி விழுந்துவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டு ஓடினேன். நான் அடியில் போய்ச் சேரும்போது அவள் மேலே நின்றிருந்தாள். அதற்குள் மூட்டம் இறங்கிவிட்டது. எங்கள் பஸ்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"யாரும்மா அது? இறங்குங்க. ஈரப் பாறை, வழுக்கும்" என்று சத்தம் போட்டபடி மாமா ஓடி வந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். மேலே பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அது எனக்குப் பழக்கமான மாமா.

அக்கா தொப்பியைத் தள்ளிவிட்டாள்.

"யாருங்க அவ? இங்க ஏறினவ" என்றாள்.

"நீதான்."

"நான் எப்ப ஏறினேன்?"

அவர் மைக்கை அணைத்துவிட்டாரா என்று காதோரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அவளைப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது. "ஓட்டும்போது கண்ணைச் சொருகாம இருக்க எதையாவது நெனச்சுக்கணும். இவ வந்திருந்தா இதைப் பாத்து என்ன சொல்லுவான்னு நெனச்சுப்பேன். முதல்ல மனசுக்குள்ளதான். அப்புறம் கம்பெனியில மைக் குடுத்தாங்க."

"நெனச்ச நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்ல."

"கால் பிரேக்குக்குப் போகும்னு..."

"வரும்போது நான் உள்ளதான இருந்தேன். உங்க கால் எங்க போச்சு?"

"தெரியாதே நீ இருக்கேன்னு."

அந்த நேரம் பார்த்து பிஸ்கட் அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "அட, ஏறிட்டியாம்மா? எத்தனை மார்க்?" என்றாள்.

"ஒண்ணும் தெரியல. வெறும் மூட்டம். ரெண்டு" என்றாள் அக்கா.

"என்னம்மா இது? டிரைவர் வீட்டம்மா பத்து போட்டிருக்காங்க."

"அவ பொய் சொல்லியிருக்கா."

மாமா கை கொடுத்து இறக்கினார். பஸ்ஸில் ஏறும்போது டப்பாவை எடுத்துத் தன் காலடியில் வைத்துவிட்டு, பக்கத்துச் சீட்டைத் துண்டால் தட்டிக் காட்டினார். "இந்தம்மாவுக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்காம், முன்னாடி உக்காரட்டும்" என்று மற்றவர்களிடம் சொன்னார். உண்மையைச் சொல்ல அவருக்கு அப்போதும் வாய் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு நானே மைக்கைப் பிடுங்கியிருப்பேன். ஆனாலும் இடம் காலியானதும் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டேன்.

இறங்குகிற வழியில்தான் தெரிந்தது, அவர் சொன்ன காரணம் சப்பைக்கட்டு இல்லை என்று. ஒவ்வொரு வளைவுக்கும் ரொம்ப முன்னாலேயே பஸ் தவழ ஆரம்பித்தது. நேர் ரோட்டிலும் தவழ்ந்தது. பின்னால் லாரிக்காரன் ஹார்னிலேயே கையை வைத்துக்கொண்டு வந்தான். மாமா வாயைத் திறக்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை. உள்ளே ஜனங்கள் முனக ஆரம்பித்தார்கள். "இறங்கி நடந்தாக்கூட முந்திரலாம் போலிருக்கு" என்றார் ஒருவர். காலையில் எட்டு மார்க் கொடுத்தவர்தான் அவர்.

அக்கா முன்சீட்டில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். முன்னால் முழுக்கக் கண்ணாடி. மலை, பள்ளம், மேகம் எல்லாம் அவளுக்கு நேராக வந்தன. அவள் அதையெல்லாம் பார்த்ததாகத் தெரியவில்லை. மாமாவின் பக்கமே திரும்பியிருந்தாள்.

ஏரி வந்தது. பஸ் முழுக்க ஒரே குரலாக, "ஏரிக் கதை, ஏரிக் கதை" என்றது. "பெருசுன்னீங்களே டிரைவர் தம்பி" என்றாள் பிஸ்கட் அம்மா.

மாமா பஸ்ஸை ஓரம் கட்டினார். மைக்கைப் போட்டார். அது கொஞ்ச நேரம் அவர் மூச்சை மட்டும் எங்களுக்குக் கேட்கக் கொடுத்தது.

"இந்த ஏரிக்கு என் வீட்டுக்காரி வந்ததில்லைங்க" என்றார்.

பிஸ்கட் அம்மா டின்னை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"அருவிக்கும் வந்ததில்ல. மேகத்துக்கும் வந்ததில்ல. நான் கூட்டிட்டு வந்ததே இல்ல. எல்லாம் சும்மா சொன்னதுதான்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், பஸ் முழுக்கப் பற்றிக்கொண்டது. அன்றைக்குச் சொன்ன கதையிலேயே இதுதான் உசத்தி என்று எடுத்துக்கொண்டார்கள். "இவ்வளவு நேரம் சுத்தினவள ஒரே நிமிஷத்துல இல்லைன்னுட்டாரே" என்று பிஸ்கட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருத்தர்கூட நம்பவில்லை. அவர்களுக்கு அவளை அவ்வளவு பிடித்துப் போயிருந்தது, விட மனசில்லை. எனக்கு அந்த நிமிஷம் எழுந்து எல்லோரையும் ஒரு அறை விடலாமா என்றிருந்தது.

அக்கா சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை. மாமா பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். மைக் போட்டபடியே இருந்ததை அவளும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அவள் குரல் பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக வந்தது.

"அவள இனிமே இந்த பஸ்ல ஏத்தாதீங்க. நான் வர்றேன்."

சிரித்த வாய்கள் எல்லாம் அப்படியே நின்றன. பிஸ்கட் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மைக்கில் கொஞ்ச நேரம் மறுபடியும் மூச்சுதான் கேட்டது, இந்தத் தடவை இரண்டு பேருடையது.

"சரி" என்றார் மாமா.